துள்ளினால் கடல்... துடித்தால் கரை!

தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரை. படகுகள் கரை சேரும் நேரம். வலையிலிருந்து பிரித்துக் கொட்டிய மீன்களில் முக்கால்வாசி அசைவில்லாமல் கிடக்க, கடைசியாக விழுந்த ஒரு விளமீன் மட்டும் மணலில் வாலை அடித்துக்கொண்டிருக்கும். வாங்க வந்தவர்களின் கண் முதலில் அதன் மேல்தான் போகும். "துடிக்கத் துடிக்கக் கிடக்கு, பாருங்கக்கா" என்று விற்பவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? இதே மீன் காலையில் கடலுக்குள் இருந்தபோது செய்ததும் இதே அசைவுதான். ஆனால் அப்போது அது துடிக்கவில்லை, துள்ளியது. தண்ணீரில் துள்ளுவது தரையில் துடிப்பதாகிவிடுகிறது. 'குளத்தில் மீன்கள் துடித்தன' என்று யாராவது எழுதினால், குளம் வற்றிவிட்டதோ, ஆலைக்கழிவு கலந்துவிட்டதோ என்றுதான் பதறுவோம். துள்ளலில் இருப்பது சந்தோஷம் மட்டும். துடிப்பில் உயிரும் இருக்கிறது, அந்த உயிருக்கு வந்த ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் தமிழில் இந்தச் சொல் இத்தனை வேலை பார்க்கிறது.

வீட்டிலேயே ஒருநாள் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேளுங்கள். காலையில் ராசிபலனில் 'இளைஞர்கள் துடிப்புடன் செயல்படுவர்'. அடுத்த பக்கத்தில் 'துடிப்பான விற்பனையாளர்கள் தேவை'. அதற்குக் கீழேயே விபத்துச் செய்தி, 'துடிதுடித்து இறந்தார்'. (செய்தித்தாள்களில் யாரும் சும்மா இறப்பதில்லை. சம்பவ இடத்திலேயே துடிதுடித்துத்தான் இறக்கிறார்கள்.) பிள்ளை பள்ளிக்கூடத்தில் விழுந்துவிட்டான் என்று போன் வந்தால் அம்மா துடித்துப்போகிறாள். அவனைத் தள்ளிவிட்டவனை அடிக்க அண்ணன்காரன் துடிக்கிறான். அப்பாவுக்கு மீசை துடிக்கிறது. அழுகையை அடக்கும் தங்கச்சிக்கு உதடு துடிக்கிறது. வேலை, சாவு, பாசம், கோபம், அழுகை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.

தென்மாவட்டங்களில் இதற்கு இன்னொரு பயன்பாடும் உண்டு. 'எங்க சுடலை துடியான சாமி' என்பார்கள். கேட்டால் உடனே கொடுக்கும், தப்பு செய்தால் உடனே கேட்கும் என்று அர்த்தம். நின்று கொல்லும் வேலையெல்லாம் அதனிடம் கிடையாது. 'பிள்ளை ரொம்பத் துடியா இருக்கான்' என்று பாட்டி சொன்னால் அது பாராட்டா, எச்சரிக்கையா என்பது அன்றைக்கு அவன் எதை உடைத்தான் என்பதைப் பொறுத்தது.

வலிக்கும் இந்தச் சொல்லே வருகிறது, கொஞ்சம் வேஷம் மாற்றிக்கொண்டு. நகச்சுத்து வந்தவர்களுக்குத் தெரியும். பகலில் தாங்கிக்கொள்ளலாம். ராத்திரி படுத்தால்தான் விரல் 'விண்... விண்...' என்று தெறிக்கும். அந்த 'விண் விண்' வேறொன்றுமில்லை, உங்கள் இதயம்தான். வீங்கி இறுகிப்போன சதைக்குள் ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் வந்து முட்டுகிறது. கையைத் தொங்கவிட்டால் வலி கூடுவதும், தலையணை மேல் உயர்த்தி வைத்தால் சற்றுக் குறைவதும் அதனால்தான். விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள், தங்கள் நாடியை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்றே சொல்லலாம்.

அலையே மேடை

துடி என்றால் ஒரு பறை. இரண்டு பக்கமும் அகன்று இடை சிறுத்த சின்னத் தோற்கருவி. உடுக்கையைப் பார்த்தவர்களுக்கு அதன் வடிவம் தெரியும். கவிஞர்கள் காலங்காலமாகப் பெண்களுக்குச் சொல்லும் 'துடியிடை' அந்த வடிவத்திலிருந்து வந்ததுதான். அதை இசைத்தவர் துடியன். புறநானூறு நான்கு பழங்குடிகளின் பெயரைச் சொல்லும்போது துடியனை விட்டுவிடவில்லை. ஐந்திணைகளுக்கும் பறை பிரித்த பட்டியலில் நெய்தலுக்கு மீன்கோட்பறை. துடியோ பாலை நிலத்துக்கு உரியது. ஆக, பள்ளிப் பாடப்படி பார்த்தால் துடிக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் சிலப்பதிகாரம் வேறு மாதிரி சொல்கிறது. கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்றின் பெயர் துடி. சூரனை வென்ற முருகன், கடல் நடுவே அலையையே அரங்கமாக்கி ஆடியது அது. தூத்துக்குடியிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் திருச்செந்தூர். ஐப்பசி கந்தசஷ்டியில், அந்தக் கடற்கரை மணலில்தான் சூரசம்ஹாரம் நடக்கிறது. கூட்டத்தில் நசுங்கி நிற்கும்போது இளங்கோவடிகள் ஞாபகத்துக்கு வரமாட்டார்தான். இருந்தாலும், தோலில் விழும் அடியும் கரையில் விழும் அலையும் ஒரே தாளமாகக் கேட்கும் ஒரு நிமிடம் அங்கே கட்டாயம் வரும்.

இடமா, வலமா?

கண் துடிப்பதற்குப் பலன் பார்க்காத வீடு உண்டா? பெண்களுக்கு இடம் நல்லது, ஆண்களுக்கு வலம் நல்லது. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்குப் பக்கத்திலேயே அங்கம் துடிக்கும் பலனும் இருக்கும். இதற்கென்றே துடிநூல் என்று ஒரு வகை நூல் இருந்திருக்கிறது.

இளங்கோ இதை எவ்வளவு கச்சிதமாகப் பயன்படுத்துகிறார் பாருங்கள். புகாரில் இந்திர விழா. ஊரே கொண்டாடுகிறது. அன்று இரண்டு பெண்களின் கண்ணிலும் நீர் துளிர்க்கிறது. கண்ணகிக்குத் துடித்தது இடக்கண், மாதவிக்கு வலக்கண். அவ்வளவுதான் சொல்கிறார். கோவலன் மாதவியைப் பிரிந்து கண்ணகியிடம் வரப்போகிறான் என்பது கேட்டவர்களுக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் அவன் திரும்பி வருவதே மதுரையில் சாவதற்குத்தான். அது நல்ல சகுனமா, கெட்ட சகுனமா?

கம்பனின் சீதை இன்னும் கணக்குப் பார்க்கிறாள். அசோகவனத்தில் திரிசடையிடம் வரிசையாக ஒப்பிக்கிறாள். ராமன் முனிவரோடு மிதிலைக்கு வந்த அன்று இடம் துடித்தது. நாட்டைத் தம்பிக்கு விட்டுக் காட்டுக்குப் புறப்பட்ட அன்று வலம் துடித்தது. ராவணன் வஞ்சனையோடு வந்த அன்றும் வலம். இப்போது மறுபடி இடம் துடிக்கிறதே, என்ன வரும்? சிறைப்பட்டவளிடம் காலண்டர் இல்லை, கடிதம் இல்லை. தன் உடம்பைத்தான் அவள் படித்துப் பார்க்க முடியும்.

டாக்டர்களைக் கேட்டால் இமைத் துடிப்புக்கு வேறு பட்டியல் சொல்வார்கள். தூக்கக் குறைவு, அளவுக்கு மீறிய காபி, ஓயாமல் திரையைப் பார்ப்பது, மன அழுத்தம். இமையிலுள்ள மெல்லிய தசைநார்கள் தாமாகச் சுருங்குவதுதான் இது. பெரும்பாலும் சில நாளில் தானே போய்விடும். வாரக்கணக்கில் நீடித்தாலோ, கன்னம், வாய் என்று முகத்தின் மற்ற இடங்களும் சேர்ந்து இழுத்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். யோசித்தால் சீதைக்கும் கண்ணகிக்கும் தூக்கம் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

மூன்று விரல், ஒரு மணிக்கட்டு

ஒரு வீட்டில் இந்தச் சொல் கேட்கப்படும் மிகப் பெரிய தருணம் ஒன்று உண்டு. கல்யாணமாகி நாள் தள்ளிப்போன பெண்ணை ஆறேழு வாரத்தில் ஸ்கேனுக்கு அழைத்துப் போவார்கள். வெளியே நிற்கும் மாமியாரும் அம்மாவும் கேட்பது ஒரே கேள்விதான்: "துடிப்பு வந்துட்டுதாமா?" பிள்ளை என்றுகூடச் சொல்லமாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை பயறு அளவு இருக்கும் அந்த உயிரின் பெயரே அப்போதைக்குத் துடிப்பு. 'இருக்கு' என்றால் இனிப்பு. 'இன்னும் தெரியல, பத்து நாள் கழிச்சு வாங்க' என்றால் அந்தப் பத்து நாளும் வீட்டில் அடுப்பு எரிவதே தெரியாது.

பிறந்த குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 120 தடவைக்கு மேலும் துடிக்கும். வளர வளரக் குறைந்து, பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை என்பது பொதுக்கணக்கு. நன்றாகப் பயிற்சி எடுத்த ஓட்டப்பந்தய வீரர்களுக்கு 60-க்கும் கீழே இருப்பது சாதாரணம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வாங்கினோமே, 98 வந்ததா, 97 வந்ததா என்று மேலே உள்ள எண்ணையே பார்த்துப் பார்த்துப் பயந்தோம். கீழே இன்னொரு எண் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் நாடித்துடிப்பு. கருவி இல்லாமலும் பார்க்கலாம். மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் போதும். கட்டைவிரலை வைத்துப் பார்க்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு, எது யாருடையது என்று குழப்பிவிடும்.

சித்த வைத்தியர்கள் மூன்று விரல் வைப்பார்கள். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. அவர்கள் எண்ணிக்கையைவிட நடையைத்தான் பார்ப்பார்கள். வாத நாடி அன்னம்போல, கோழிபோல, மயில்போல நடக்குமாம். பித்தம் ஆமைபோல, அட்டைபோல ஊரும். கபம் பாம்புபோல, தவளைபோல. விரல் நுனியில் ஒரு மிருகக்காட்சி சாலையே இருக்கிறது. இதில் எது வேகம், எது மெதுவு என்பதல்ல, எது அந்த உடம்புக்குச் சரியான நடை என்பதுதான் கேள்வி.

மெதுவாகத் துடித்தவர்கள்

இந்தக் கேள்விதான் தூத்துக்குடிக்கு உயிர்க்கேள்வி. ஊரெல்லாம் துடிப்பு என்றால் வேகம் என்று நினைக்க, இந்தக் கரையின் பெயரும் புகழும், துடிப்பைக் குறைக்கத் தெரிந்தவர்களால் வந்தவை.

முத்துக்குளித்துறை என்பது பட்டப்பெயர் அல்ல. கொற்கையின் முத்து, கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய 'பெரிப்ளஸ்' நூலிலேயே இருக்கிறது. அங்கே முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று அது குறிப்பிடுகிறது. அழகான கழுத்துமாலையின் மறுமுனையில் யார் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, சுறா வராமல் மந்திரம் சொல்லிக் கட்டுபவர்களுக்குக் கிடைக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்று எழுதினார். 'கடல் கட்டி' என்று அவர்களுக்குப் பெயர். பிரிட்டிஷ் காலம் வரை அந்த வேலை இருந்தது.

குளிக்கும் முறை பல நூற்றாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. காலடியில் ஒரு கல், அதில் கட்டிய கயிறு. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு கல்லோடு இறங்க வேண்டும். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்தில் பார் எனப்படும் சிப்பிப் படுகை. பையில் கைக்கு எட்டியதை வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால், மேலே இருப்பவர் இழுத்துத் தூக்குவார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள், மிஞ்சினால் ஒன்றரை நிமிடத்துக்குள். மேலே கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அண்ணன் தம்பியை நம்பலாம், ஆனாலும் பங்காளி. பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் அப்படியல்ல. இவன் மூழ்கினால் தாலி அறுப்பது அவன் அக்காவோ தங்கையோ. கயிறு சுண்டியது அவன் கைக்குத் தெரியாமல் போகாது.

தண்ணீருக்குள் அந்த ஒரு நிமிடத்தில் உடம்பு என்ன செய்கிறது? மூச்சை அடக்கி முகத்தைக் குளிர்ந்த நீரில் வைத்ததுமே இதயம் தன் ஓட்டத்தைக் குறைக்க ஆரம்பித்துவிடும். சாதாரண ஆளுக்கே 10 முதல் 25 சதவீதம் வரை குறையும். பழகியவர்களுக்கு அதற்கும் மேல். கை கால்களுக்குப் போகும் ரத்தம் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி விடப்படும். இருக்கிற பிராணவாயுவைக் கஞ்சன் காசு செலவழிப்பதுபோல உடம்பு செலவழிக்கும். சீலுக்கும் திமிங்கலத்துக்கும் இருக்கும் அதே ஏற்பாடு. இந்தோனேசியப் பக்கத்தில் கடலிலேயே வாழும் பஜாவு மக்களுக்கு மண்ணீரல், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களைவிட ஏறக்குறைய பாதி மடங்கு பெரிதாக இருப்பதாக 2018-இல் வெளியான ஆய்வு கண்டது. ரத்தச் சிவப்பணுக்களைச் சேமித்து வைக்கும் கிடங்கு அது.

இதில் வியப்பான சங்கதி, சிப்பிக்கும் இதயம் உண்டு. மூன்று அறை கொண்ட சின்ன இதயம். நீரில் வாயைத் திறந்துகொண்டு இருக்கும்போது சீராகத் துடிக்கும். ஆபத்து என்று ஓட்டை இறுக மூடிக்கொண்டதும் அதன் துடிப்பும் மெதுவாகிவிடும். உள்ளே இருக்கும் கொஞ்ச நஞ்சப் பிராணவாயுவை மிச்சம் பிடிக்க அதற்கும் தெரியும். ஆக, பத்துப் பாகம் ஆழத்தில் ஒரு கை ஒரு சிப்பியைப் பற்றும் நேரத்தில், பிடித்தவன், பிடிபட்டது, இரண்டின் இதயமும் தணிந்து துடித்துக்கொண்டிருக்கும்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். பார்களில் சிப்பி அருகிவிட்டது. 1973-இல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே.அழகர்சாமி, இந்தியச் சிப்பிக்குள் உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். கடலுக்குள் இறங்காமலே முத்து எடுக்கலாம் என்று ஆனது.

இறங்குவது மட்டும் நிற்கவில்லை. சங்கு இருந்தது. வங்காளத்துப் பெண்கள் கல்யாணத்துக்கு அணியும் வெள்ளை வளையல், கோயிலில் ஊதும் சங்கு எல்லாவற்றுக்கும் மன்னார் வளைகுடாச் சங்குக்கு மதிப்பு. திரேஸ்புரத்திலிருந்து சங்குகுளிக்கப் போகும் படகுகள் இன்றும் உண்டு.

எச்சரிக்கை மணி ஒலிக்காத ஆழம்

மூச்சடக்கிக் குளிப்பவரை மேலே வரவழைப்பது கயிறு பிடித்த மச்சான் மட்டுமல்ல. அவருடைய உடம்பே வரவழைத்துவிடும். நேரம் ஆக ஆக ரத்தத்தில் கரியமிலவாயு ஏறும். ஒரு கட்டத்தில் நெஞ்சுக்குக் கீழே உதரவிதானம் தானாகவே துடிக்கத் தொடங்கும். மூச்சு விடு, மூச்சு விடு என்று உள்ளிருந்து தட்டும். மன உறுதியால் சில விநாடி தள்ளிப்போடலாம், அணைக்க முடியாது. பிராணவாயு தீர்வதால் வரும் துடிப்பல்ல இது, கரியமிலவாயு சேர்வதால் வருவது. அதனால்தான் கிணற்றிலும் நீச்சல்குளத்திலும் 'யார் ரொம்ப நேரம் மூச்சடக்குறா' என்று பந்தயம் வைக்கும் பிள்ளைகள், முன்கூட்டியே வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு இறங்குவது மிகவும் ஆபத்து. அப்படிச் செய்தால் கரியமிலவாயு குறைந்து மணி தாமதமாக அடிக்கும். அது அடிப்பதற்குள் மயக்கம் வந்துவிடலாம். கோடை விடுமுறையில் பிள்ளைகளிடம் இதை ஒருமுறை சொல்லி வையுங்கள்.

இப்போது சங்குகுளிக்கும் பல படகுகளில் கயிற்றுக்குப் பதிலாகக் குழாய் இருக்கிறது. படகில் ஒரு காற்று கம்ப்ரெஸர், பஞ்சர் கடையில் பார்ப்போமே அந்த ஜாதி. 'டப் டப் டப்' என்று ஓடும். அதிலிருந்து நீளும் பிளாஸ்டிக் குழாயின் முனையை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினால், ஒரு நிமிடம் என்பது மணிக்கணக்காகிவிடும். ஆழமாகவும் போகலாம். கரைக்குப் பக்கத்தில் சங்கு குறைந்து, இன்னும் தள்ளி இன்னும் ஆழத்தில் தேட வேண்டியிருப்பவர்களுக்கு வேறு வழியும் தெரியவில்லை.

குழாய்க்காற்றோடு அந்தப் பழைய எச்சரிக்கை மணி போய்விடுகிறது. கரியமிலவாயு மூச்சோடு வெளியேறிவிடுவதால் உதரவிதானம் துடிப்பதில்லை. உடம்பு சௌகரியமாகவே உணரும். ஆனால் காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். ஆழத்தின் அழுத்தத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்திலும் சதையிலும் கரைந்துகொண்டே இருக்கும். அதற்கு வலி இல்லை, மூச்சுமுட்டல் இல்லை, துடிப்பு இல்லை. வேலை முடிந்து சட்டென்று மேலே வந்தால், கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் பொங்குமே, அதேபோல உடம்புக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டில் புகுந்தால் தாங்க முடியாத வலி. தண்டுவடத்தில் புகுந்தால் கால் விளங்காமல் போகலாம். மேலே வந்து, கரை சேர்ந்து, சோறு சாப்பிட உட்காரும் நேரத்தில்கூட இது ஆரம்பிக்கலாம்.

இது புதிர் நோய் அல்ல. 1878-இலேயே பிரான்ஸின் பால் பெர் காரணத்தைக் கண்டு எழுதிவிட்டார். 1908-இல் பிரிட்டனின் ஜே.எஸ்.ஹால்டேன், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், மேலே வரும் வழியில் எங்கெங்கே எத்தனை நிமிடம் நின்று வர வேண்டும் என்று அட்டவணையே போட்டார். மெதுவாக, நின்று நின்று ஏறுவதுதான் மருந்து. வந்துவிட்டால், உடனே பிராணவாயு கொடுத்து, அழுத்தத்தை மறுபடி ஏற்றி மெல்ல இறக்கும் இரும்பு அறை உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வலியைப் போக்க மறுபடி கடலுக்குள் இறங்குவது உலகின் பல கரைகளில் குளிப்பவர்கள் செய்து பார்ப்பது. அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும். ஆனால் மறுபடி இறங்கும்போது உடம்பில் நைட்ரஜன் இன்னும் ஏறுகிறது, ஏறி வந்ததும் நிலைமை மோசமாகிவிடலாம்.

ஹால்டேனின் அட்டவணைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பஞ்சர் கடை கம்ப்ரெஸரோடு இறங்குகிறவர் கையில் பெரும்பாலும் அட்டவணையும் இல்லை, ஆழமானியும் இல்லை. ராக்கெட் ஏவுதளம் குலசேகரன்பட்டினத்தில் வரப்போகிற மாவட்டத்தில் ஒரு கைக்கடிகாரமும் எழுதிய தாளும் இவர்களுக்குக் கிடைக்காமல் இருப்பது பணப் பிரச்னை அல்ல. யாரும் உட்கார்ந்து சொல்லித்தராத பிரச்னை.

வானியலில் ஒரு சொல் உண்டு, துடிவிண்மீன். 1967-இல் ஜோசலின் பெல் என்ற மாணவி கண்டுபிடித்த, விட்டு விட்டு ரேடியோ அலை வீசும் நட்சத்திரம். சூரியனைவிடப் பலமடங்கு பெரிதாக இருந்து வெடித்துச் செத்ததன் மிச்சம் அது. செத்ததற்குத் துடிப்பு என்று பெயர் வைத்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் யாரோ, அவர் மீன் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழகியவராக இருக்க வேண்டும்.

சாயங்காலம். திரேஸ்புரத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் பெண்களின் காது மட்டும் கடல் பக்கம் இருக்கும். தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டதுமே எந்தப் படகு என்று பிரித்துச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. கடலுக்குள் இன்னொரு படகு இன்னும் நங்கூரத்தில் நிற்கிறது. கம்ப்ரெஸர் 'டப் டப் டப்' என்று ஓடுகிறது. டீசல் தீர்ந்துவிடாமல், பெல்ட் நழுவாமல், குழாய் மடங்காமல் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். முன்பு கயிறு பிடித்தவர் உட்கார்ந்த அதே இடம். பல படகுகளில் இன்றைக்கும் அது மச்சான்தான்.